ஒன்பதாம் திகதிக் கையெழுத்து

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை மகேந்திரராஜா கையில் எலுமிச்சம்பழத்தோடு வாகனக் கடைக்குப் புறப்பட்டதை வாசித்துச் சிரித்தவர்கள், மிச்சச் சிரிப்பு ஏதும் இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுவது நல்லது. இன்றைக்கு அந்த வீட்டில் சிரிக்க ஒன்றுமில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு முன்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஜேர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்க் குடும்பம் இது. அப்பா மகேந்திரராஜா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் தமிழ் நலன்புரிச் சங்கத்தின் தலைவர். தூங்குவது எப்போது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அம்மா குமுதினி முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். மூத்தவள் மிதுசா, இருபத்தெட்டு வயது, அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இளையவள் நிலக்சிக்கு இருபத்திரண்டு. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழக்கும் நோய், சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் வுப்பர்டாலில் உள்ள வெந்நீர்த் தடாகத்தில் இறக்கினால் மட்டும் நிலக்சி தன் கையைத் தானே தலைக்கு மேலே தூக்குவாள். அவளைப் போல இன்னும் ஆறு பேர். அவர்களை ஏற்றிப்போன கடைக்காரச் சதீசனின் பழைய வண்டி வாகனப் பரிசோதனையில் தோற்றுப்போனது. ஏழு கிழமைகளாக ஒருவரும் தண்ணீரைக் காணவில்லை. சிகிச்சைக்குக் காசு தரும் காப்புறுதி, போய்வர வாகனம் தராது. ஆவணி முடியும்வரைதான் அந்த வெள்ளிக்கிழமை நேரத்தை உங்களுக்கு வைத்திருப்போம் என்று தடாகத்துக்காரர் சொல்லிவிட்டார். போன தசை திரும்பி வராது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் அரச லொத்தர் வந்தது. பரிசாக அல்ல. சனம் கிழமைக்குக் கிழமை இலக்கங்களைக் கீறித் தோற்கிற காசில் ஒரு பங்கு நோயாளிகளுக்கும் இயலாதவர்களுக்கும் போகிறது அல்லவா, அந்த நிதியில் இருந்து சக்கர நாற்காலி ஏற்றும் வண்டி ஒன்று கேட்டு மிதுசா விண்ணப்பம் எழுதினாள். சங்கத்தின் செயலாளர் என்று கையெழுத்தும் வைத்தாள். நிதி அலுவலகம் நல்லபடியாகவே பதில் போட்டது. அவசரம் என்றால் யூலை பதினைந்துக்குப் பிறகு வண்டியை ஓர்டர் பண்ணலாம், அதற்கு முன்னர் பண்ணினால் ஒரு சதமும் கிடைக்காது என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை.

ஓர்டர் கொடுக்கும் பொறுப்பை மகேந்திரராஜா ஏற்றுக்கொண்டார். அங்கேதான் எல்லாம் பிழைத்தது.

*

யூலை மாதக் கடைசி வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு மிதுசாவின் கைபேசி அடித்தது. லொத்தர் நிதி அலுவலகத்து டீக்மன் அம்மையார்.

“நாளைக் காலை ஒன்பது மணிக்குக் குழு கூடுகிறது. முதலாவதாக உங்கள் விண்ணப்பத்தைத்தான் எடுக்கிறோம். வண்டி ஓர்டரின் பிரதி மட்டும் கோப்பில் இல்லை. இன்று ஆறு மணிக்குள் அனுப்பிவிடுங்கள்.”

“கட்டாயம் அனுப்புகிறேன்.”

“பதினைந்துக்குப் பிறகுதானே கையெழுத்து வைத்தீர்கள்?”

“நிச்சயமாக,” என்றாள் மிதுசா. அந்தச் சொல் வாயிலிருந்து எவ்வளவு இலகுவாக வந்தது என்பதை நினைத்து அன்று பின்னேரம் முழுவதும் அவள் வேகப்போகிறாள்.

அப்பாவுக்குச் செய்தி போட்டாள். ஐந்தே நிமிடத்தில் படம் வந்தது. ஓர்டர் தாளின் மேல்மூலையில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காகிதத்தைச் சாமித்தட்டில் வைத்து எடுத்திருக்கிறார் என்று பார்த்தவுடன் விளங்கியது. சிரிப்பு வந்தது. பிறகு திகதியைப் பார்த்தாள்.

9.7.

படத்தைப் பெரிதாக்கினாள். ஒன்பது இன்னும் பெரிய ஒன்பதாகத் தெரிந்தது.

தலையிடி என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அது பொய்யில்லை, இடிக்கத்தான் செய்தது.

*

“அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?”

மகேந்திரராஜா தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். “ஏன் பிள்ளை, வந்ததும் வராததுமா? இரு, தேத்தண்ணி குடி.”

“பதினைஞ்சுக்கு முதல் வைக்கக்கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்? ஒன்பதாம் திகதி கையெழுத்து வைச்சிருக்கிறியள்!”

“நீ வாங்கக்கூடாதெண்டுதானே சொன்னனீ? நான் எங்க வாங்கினனான்? நாளுக்கு ஒரு கையெழுத்து வைச்சன், அவ்வளவுதான்.” அவர் விரல்விட்டு எண்ணினார். “பதினைஞ்சு அட்டமி. பதினாறு மரணயோகம். பதினேழு ஆடி பிறந்திட்டுது. ஆடியில ஆரும் வாகனத்துக்குக் கையெழுத்து வைப்பினமோ? அதுவும் நோயாளியளை ஏத்திற வாகனத்துக்கு? ஐயர்தான் ஒன்பதாம் திகதி காலமை நல்ல நேரமெண்டு பாத்துத் தந்தவர். வீடு கட்டுறவை நல்ல நாளில நாட்கல்லை வைச்சுப்போட்டுப் பிறகு ஆறுதலாக் கட்டிறேல்லையோ?”

“அவைக்கு நாட்கல் தெரியாதப்பா! கையெழுத்து வைச்சா வாங்கினதுதான்.”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். முகத்தில் இருந்த விளக்கம் மெல்ல வடிந்தது.

“அப்ப?”

“அப்ப ஒண்டுமில்லை. வண்டி இல்லை. அடுத்த கூட்டம் தை மாசம்.”

குமுதினி குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் பாதி சீவிய உருளைக்கிழங்கு. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முப்பது வருடக் கலியாணத்தில் அவளுக்குப் பழகிய இடம் அது.

மிதுசா வாகனக் கடைக்கு அழைத்துப் பார்த்தாள். உரிமையாளர் பிரிங்மன் விடுமுறையில் போயிருக்கிறார், திங்கள்தான் கடை திறக்கும் என்று பதிவுக்குரல் பணிவாகச் சொன்னது. மூன்று தரம் அழைத்தாள். மூன்று தரமும் அதே பணிவு.

மகேந்திரராஜா அந்தத் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தபடி இருந்தார். பிறகு, யாரும் இல்லாத இடத்தில் பேசுவதுபோலச் சொன்னார்.

“ஒன்பதுக்கு முன்னுக்கு ஒரு கோடு போட்டா பத்தொன்பது.”

மிதுசா கைபேசியை மேசையில் வைத்தாள்.

“ஒரு சின்னக் கோடு, பிள்ளை. அவ்வளவுதான்.” சொல்லி முடித்தவருக்கு உடனேயே வேறு கவலை வந்துவிட்டது. “ஆனா பத்தொன்பது ஆடிக்குள்ள விழுதே…”

“பொய்த் திகதிக்கும் நாள் பாக்கிறியளோ?” என்றாள் குமுதினி.

“நீ சும்மா இரு. ஆற்றை காசு அது? முப்பது வருசமாச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நானும் லொத்தர் போடுறன். ஒருநாள் விழுந்ததோ? என்ர காசும் அதுக்குள்ளதான் கிடக்குது. என்ர பிள்ளைக்கு ஒரு வண்டி கேட்டா என்ன குற்றம்?”

“உங்கட காசு மட்டுமில்லை, ஊர்ச் சனத்தின்ர காசு. பிடிபட்டா நாளைக்கு வேற எந்தத் தமிழ்ச் சங்கம் போய்க் கேட்டாலும் எங்கட பேரைச் சொல்லிக் கதவைச் சாத்துவினம். அதோட இவள்தான் விண்ணப்பத்தில கையெழுத்து வைச்சவள். இவளின்ர வேலை என்னாகும்?”

அது மிதுசாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் அடுத்தவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துகிறவள் அவள். கள்ளக் காகிதம் கொடுத்த எழுத்தரை எந்த அலுவலகம் வைத்திருக்கும்? ஒன்பது வயதில் அப்பாவோடு வெளிநாட்டவர் காரியாலயத்துக்குப் போய் அவருக்காக மொழிபெயர்த்த நாளில் இருந்து இந்த வீட்டின் காகிதம் எல்லாம் அவள் தலையில்தான். அத்தனை வருடத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. களைத்துப்போனாள். அப்பாவின் மேல் இருந்த கோபத்தை விட அந்தக் களைப்புப் பெரிதாக இருந்தது.

“அக்கா,” என்று உள்ளறையில் இருந்து குரல் வந்தது. “இஞ்ச ஒருக்கா வா.”

*

நிலக்சி ஜன்னலோரம் இருந்தாள். முன்னால் சிறு மேசையில் இரண்டு கைப்பிடி வைத்த பிளாஸ்ரிக் கோப்பை, அதில் ஆறிப்போன தேநீர்.

“எல்லாம் கேட்டுது,” என்றாள்.

“நீ ஒண்டுக்கும் யோசியாத. நான் ஏதாவது பாப்பன்.”

“என்னத்தைப் பாப்பாய்?” நிலக்சி கோப்பையைக் கண்ணால் காட்டினாள். “போன கிழமை வரைக்கும் உதைப் பிடிச்சனான். திங்களில இருந்து ஏலாது. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. சூடு கூட எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

மிதுசா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி விட்டாள். அவளால் அதையும் செய்ய முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“தண்ணிக்குள்ள இருக்கேக்க நான் ஆரெண்டு எனக்கு ஞாபகம் வரும், அக்கா. வெளியில வந்தா எல்லாரும் என்னைத் தூக்கினம், திருப்பினம், துடைக்கினம். அங்க மட்டும்தான் நானா ஒரு வேலை செய்யிறன். தை மாசம் வரைக்கும் எண்டா…” அவள் நிறுத்தினாள். “போடு அக்கா. அந்தக் கோட்டைப் போடு. உன்னைக் கேக்கிறது பிழையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறன்.”

அழுது கேட்டிருந்தால் மிதுசா மறுத்திருப்பாள். வேண்டாம், எனக்காக ஒன்றும் செய்யாதே என்று பெருமையாகச் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பாள். இப்படி நேருக்கு நேராகக் கேட்டால் என்ன செய்வது?

அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். கையெழுத்து வைத்த அதே நீலப் பேனையை, ராசியான பேனை என்று மகேந்திரராஜா சாமித்தட்டிலேயே வைத்திருந்தார். அதை எடுத்தாள். அப்பா மேசையைத் துடைத்துக் கொடுத்தார். அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், கழுவ ஒன்றும் இல்லாமலே.

ஒரு கோடு. மை காய ஒரு விநாடிகூட எடுக்கவில்லை.

19.7.

கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தாள். சந்தனப் பொட்டு வெறும் சாம்பல் அழுக்காகத் தெரிந்தது. சங்கத்தின் மின்னஞ்சலில் இணைத்து, கீழே தன் பெயரை அடித்து, நான்கு நாற்பதுக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகும் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

“முடிஞ்சுது,” என்றார் மகேந்திரராஜா. அவர் குரலில் சந்தோசம் இல்லை. மகளின் தலையில் கை வைக்கப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

*

ஐந்து இருபதுக்குப் பதில் வந்தது.

மிக்க நன்றி, ஆனால் முதற்பக்கம் மட்டுமே வந்திருக்கிறது, இந்த ஓர்டர் இரண்டு பக்கம், இரண்டாவதையும் ஆறு மணிக்குள் அனுப்பினால் கோப்பு முழுமையாகிவிடும், டீக்மன்.

“ரெண்டாம் பக்கம் எங்கையப்பா?”

“ரெண்டாம் பக்கமோ? கையெழுத்து வைச்ச தாளைத்தான் உனக்கு எடுத்தனுப்பினனான்…” மகேந்திரராஜா தன் பையைக் கவிழ்த்தார். சங்கக் கோப்பைப் புரட்டினார். சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். மிதுசா மணியைப் பார்த்தாள். ஐந்தரை. ஐந்து முப்பத்தைந்து.

குமுதினி சாமித்தட்டுக்கு முன்னால் போய் வழக்கத்துக்கு முன்னமே விளக்கை ஏற்றினாள். செய்ய வேறொன்றும் தெரியாதபோது அவள் செய்வது அது. பழைய எலுமிச்சம்பழங்களை அள்ளி எறியலாம் என்று தட்டைத் தூக்கினாள். தட்டின் அடியில் நாலாக மடித்தபடி ஒரு தாள் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“உதுவோ பாருங்கோ.”

எலுமிச்சைச் சாறு ஊறி ஒரு பக்கம் மஞ்சளாகியிருந்தது. குமுதினி அதை மெல்லப் பிரித்து, கிழியாமல் இருக்க நிலக்சியின் மடியில் விரித்துப் பிடித்தாள். அவள் நாற்காலி இதற்குள் கூடத்துக்கு வந்திருந்தது. மிதுசா கைபேசியை நீட்டிப் படம் எடுக்கக் குனிந்தாள்.

“பொறு,” என்றாள் நிலக்சி. “வாசிக்க விடு.”

நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவள், மருந்துப் பெட்டியின் துண்டுச்சீட்டைக்கூட விடாமல் வாசிப்பாள். சின்ன எழுத்து என்றால் இன்னும் விருப்பம். அவள் உதடு அசைந்தது. பிறகு நின்றது.

“அக்கா, ஏழாவதைப் பார்.”

மிதுசா பார்த்தாள். லொத்தர் நிதியின் அனுமதி நடைமுறைக்கு வந்த பின்னரே இந்த ஓர்டர் செல்லுபடியாகும், அதுவரை இது சங்கத்தை எவ்விதத்திலும் கட்டுப்படுத்தாது என்று அச்சில் இருந்தது. இதைப்போல எத்தனையோ சங்கங்களுக்கு வண்டி விற்ற பிரிங்மன், கேட்காமலே அந்த வரியைப் போட்டிருந்தார்.

செல்லுபடியாகும் நாள்தான் கணக்கு. நிதி அலுவலகத்தின் விதிகளை நாலு தரம் வாசித்த மிதுசாவுக்கு அது நன்றாகத் தெரியும். அப்படியென்றால் அனுமதி தொடங்கிய பதினைந்துக்குப் பிறகுதான் ஓர்டர் செல்லுபடியானது, ஒன்பதாம் திகதிக் கையெழுத்தில் ஒரு பிழையும் இல்லை. நாட்கல் நாட்கல்லாகத்தான் இருந்திருக்கிறது.

“என்ன பிள்ளை? என்ன எழுதியிருக்குது?”

நிலக்சி அப்பாவுக்குச் சொன்னாள். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். “நான் சொன்னனான்தானே! நாளுக்கு வைச்ச கையெழுத்தெண்டு நான் சொன்னனான்தானே! அனுப்பு பிள்ளை, உடன அனுப்பு!”

மிதுசா தாளின் அடியைத் தொட்டுக் காட்டினாள். பிரிங்மன் தன் கையெழுத்துக்குப் பக்கத்தில், பழைய காலத்து மனிதர்களைப் போல, திகதியை இலக்கத்தில் போடாமல் எழுத்தில் எழுதி முத்திரை குத்தியிருந்தார். ஒன்பதாம் நாள், யூலை. எழுத்தில் எழுதிய ஒன்பதுக்கு முன்னால் எந்தக் கோட்டையும் போட முடியாது.

“இந்தப் பக்கத்தை அனுப்பினா வண்டி கிடைக்கும்,” என்றாள் மிதுசா. “இந்தப் பக்கத்தை அனுப்பினா முதல் பக்கம் கள்ளமெண்டும் தெரியவரும்.”

மகேந்திரராஜாவின் கைகள் மெல்ல இறங்கின.

“அப்ப… அப்ப துலைஞ்சு போச்செண்டு சொல்லு. எலுமிச்சம்பழம் பட்டு ஊறிப் போச்செண்டு சொல்லு. திங்கள் பிரிங்மன் வந்த பிறகு வேறொண்டு அடிச்சுக் குடுக்கலாம்.”

“கூட்டம் நாளைக்கு அப்பா.”

“அவ நல்ல மனிசி போலதானே கதைக்கிறா…”

“இஞ்சருங்கோ,” என்றாள் குமுதினி. அவ்வளவுதான் சொன்னாள். மகேந்திரராஜா வாயை மூடிக்கொண்டார்.

மிதுசாவுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. படத்தை முழுசாக அனுப்பாத அப்பா மேலா, கேட்கக்கூடாததைக் கேட்ட தங்கை மேலா, வருகிறவர்களை எல்லாம் இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிற வேலையில் இருந்துகொண்டு, வீட்டில் அதை ஒருதரம் கேட்கத் தோன்றாத தன் மேலா?

“அக்கா,” என்றாள் நிலக்சி. மடியில் கிடந்த தாளின் மேல் அவள் விரல்கள் அசைய முயன்றன. “நான் கேட்டதால செய்தனீ. அதையும் சொல்லு.”

“உன்னை இதுக்குள்ள இழுக்கமாட்டன்.”

“நான் ஏற்கனவே இதுக்குள்ளதான் இருக்கிறன்.”

ஐந்து ஐம்பதுக்குக் கைபேசி அடித்தது. லொத்தர் நிதி அலுவலகத்தின் இலக்கம். மூன்றாம் தரம் அடிக்கும்வரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நாலாம் தரத்தில் மிதுசா எடுத்தாள்.

“நான் புறப்படப்போகிறேன், அதற்கு முன்னர் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று எடுத்தேன்,” என்றார் டீக்மன் அம்மையார். “இரண்டாம் பக்கம் கிடைத்ததா?”

மகேந்திரராஜா தலையை இல்லை என்று ஆட்டினார். வேகமாக, திரும்பத் திரும்ப, கெஞ்சுகிற கண்களோடு. ஒன்பதாம் திகதி கையெழுத்து வைத்த கையோடு வாகனக் கடை முற்றத்தில் தேங்காய் உடைத்த மனிதர் அவர். இப்போது பத்து வயது கூடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குமுதினி தாளை விடாமல் பிடித்திருந்தாள். நிலக்சி அக்காவையே பார்த்தாள்.

“கிடைத்தது,” என்றாள் மிதுசா.

“நல்லது. அப்படியானால் எல்லாம் சரி.”

“சரியில்லை.” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “முதற்பக்கத்தில் பத்தொன்பது என்று இருக்கிறது. அது ஒன்பது. முன்னால் உள்ள கோட்டை இன்று பின்னேரம் நான் போட்டேன்.”

மகேந்திரராஜா சாமித்தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுமுனையில் காலடிச் சத்தம். ஒரு கதவு சாத்தப்படுகிற சத்தம். நாற்காலி ஒன்று இழுபட்டது.

“மிதுசா,” என்றார் டீக்மன் அம்மையார். குரல் தாழ்ந்திருந்தது, அதில் இரக்கமா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “இதை இன்னும் யாரிடமாவது சொன்னீர்களா?”